நெட் போனாலும் பில்ட் நிற்காது: 'ஆஃப்லைன் களஞ்சியம்' என்றால் என்ன? வாசுதேவநல்லூர் போன்ற ஊர்களுக்கு அது ஏன் தேவை?

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய 3 மாவட்டங்களிலும் இணையச் சேவையை 5 நாட்களுக்கு நிறுத்திவைக்கத் தமிழக அரசு உத்தரவிட்டது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் நடுவே இருக்கும் வாசுதேவநல்லூர் அப்போது நெல்லை மாவட்டத்தின் ஒரு மூலை. தூத்துக்குடியில் இருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் உத்தரவு ஊருக்கும் சேர்த்துத்தான்.

இணையம் நின்றால் வாட்ஸ்அப் நிற்கும், பணப் பரிமாற்றம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. மென்பொருள் உருவாக்கும் வேலையும் அத்தோடு நின்றுபோகும். "அண்ணாச்சி, பில்ட் ஃபெயில் ஆயிட்டு, நெட் வரலையாம்" என்று ஒரு குரல் வந்தால், அந்த அலுவலகத்தில் அன்றைய பிழைப்பு அவ்வளவுதான்.

தென்காசிப் பக்கம் மென்பொருள் வேலை புதிதல்ல. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் தொடங்கியது. அதன் 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் அங்கே உருவானதுதான். கல்லூரி ஆய்வகங்கள், வீட்டில் இருந்தே வேலை பார்ப்பவர்கள், நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனங்கள் என்று இந்த வேலை சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் கேபிள் அறுந்தால், மின்சாரம் போனால், மழை வெள்ளத்தில் கோபுரம் செயலிழந்தால் என்ன செய்வது? அதற்கான பதில்களில் ஒன்றுதான் 'ஆஃப்லைன் களஞ்சியம்'.

மென்பொருள் எழுத நெட் எதுக்கு?

கணினியில் நிரல் எழுத இணையம் தேவையில்லைதான். ஆனால் இன்று யாரும் ஒரு மென்பொருளை அடியில் இருந்து முழுசாக எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒரு நூலகம், பிடிஎஃப் உருவாக்க ஒன்று, தரவுத்தளத்தோடு பேச ஒன்று என்று வேறு யாரோ எழுதிவைத்த நிரல்களை எடுத்துக் கோப்பார்கள். இவைதான் 'டிபென்டன்சி' எனப்படும் சார்பு நிரல்கள்.

இந்த நிரல்கள் உலகளவிலான சில பொதுக் களஞ்சியங்களில் இருக்கின்றன. ஜாவா நிரலாளர்களுக்கு 'மேவன் சென்ட்ரல்', ஜாவாஸ்கிரிப்டுக்கு 'என்பிஎம்', பைத்தானுக்கு 'பைபிஐ'. எழுதிய நிரலையும் சார்பு நிரல்களையும் சேர்த்து, இயங்கக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலைக்குப் பெயர் 'பில்ட்'. பில்ட் தொடங்கியதும் கருவி முதலில் பட்டியலைப் பார்க்கும். தேவையானவை கணினியில் இல்லை என்றால் இந்தப் பொதுக் களஞ்சியங்களுக்குப் போய் இறக்கிக்கொண்டு வரும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பட்டியலில் நிரலாளர் எழுதுவது 20 பெயர்கள் என்றால், அந்த 20-க்கும் தனித்தனியாகச் சார்புகள் உண்டு. அவற்றுக்கும் சார்புகள் உண்டு. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் சொந்தக்காரர்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் என்று வேன் பிடித்து வருவதைப் போல, 20 பெயர் சில நூறாகிவிடும். இவற்றில் ஒன்று வராவிட்டாலும் பில்ட் தோற்கும்.

களஞ்சியம்னா குலுக்கை மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். தென்மாவட்ட வீடுகளில் முன்பு குலுக்கை இருக்கும். அறுவடை நெல்லைக் கொட்டி வைத்தால், மழை பெய்தாலும் சந்தை கூடாவிட்டாலும் உலை கொதிக்கும். ஆஃப்லைன் களஞ்சியமும் அதே யோசனைதான். தேவைப்படும் நிரல்களையெல்லாம் இணையம் இருக்கும்போதே இறக்கி, அலுவலகத்திலோ கல்லூரியிலோ உள்ள ஒரு கணினியில் ஒழுங்காக அடுக்கி வைப்பது. மற்ற கணினிகள் வெளியே போகாமல் அந்த ஒரு கணினியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

குலுக்கைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நெல்லை அள்ள அள்ளக் குறையும். நிரல் குறையாது. ஒருமுறை இறக்கியதை எத்தனை பேர் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இதில் 3 வகைகள் உண்டு.

இடைநிலைக் களஞ்சியம்: ஒருவர் முதல்முறை ஒரு நிரலைக் கேட்கும்போது வெளியே போய் வாங்கி, ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் உள்ளிருந்தே கொடுக்கும். சோனாடைப் நிறுவனத்தின் 'நெக்ஸஸ்', ஜேஃப்ராக் நிறுவனத்தின் 'ஆர்டிஃபாக்டரி' ஆகியவை பல மொழிகளின் தொகுப்புகளையும் கையாளும். ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் 'வெர்டாச்சியோ', பைத்தானுக்கு மட்டும் 'தேவ்பை' போன்ற திறமூலக் கருவிகள் உண்டு. இணையம் அவ்வப்போது போய் வரும் ஊர்களுக்கு இது பொருத்தமானது.

முழுத் துண்டிப்புக் களஞ்சியம்: வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாத வலையமைப்புக்கானது. வெளியே ஒரு கணினியில் இறக்கி, சோதித்து, டிஸ்க்கில் எடுத்துவந்து உள்ளே ஏற்ற வேண்டும்.

மூட்டையோடு கட்டுவது: சார்பு நிரல்களையும் சொந்த நிரலோடு அதே கோப்புறையில் சேர்த்து வைத்துவிடுவது. கோ மொழியில் இதற்கு 'வெண்டார்' என்ற கட்டளையே உண்டு. சின்ன வேலைக்கு எளிது. ஆனால் திட்டம் வளர வளர மூட்டையும் கனக்கும்.

நெட் இருக்கிறவங்களுக்கும் இது தேவையா?

தேவை. இணையம் நன்றாக இருக்கும் இடத்திலும், அந்தப் பக்கம் இருக்கும் பொருள் காணாமல் போகலாம். அதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் 'லெஃப்ட்-பேட்'.

2016 மார்ச்சில், ஒரு பெயர் தகராறில் கோபமடைந்த நிரலாளர் அசேர் கோச்சுலு, என்பிஎம் களஞ்சியத்தில் இருந்த தன் தொகுப்புகள் அனைத்தையும் நீக்கினார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்ஜியமோ சேர்க்கும், வெறும் 11 வரி நிரல். ஆனால் பெரிய மென்பொருள்கள் பலவும் மறைமுகமாக அதை நம்பியிருந்தன. உலகெங்கும் பில்ட்கள் வரிசையாகத் தோற்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்பக் கொண்டுவந்து, தொகுப்புகளை நீக்கும் விதிகளையும் இறுக்கியது. உள்ளூரில் பிரதி வைத்திருந்த குழுக்களுக்கு அன்று வேலை வழக்கம்போல நடந்திருக்கும்.

களஞ்சியமே மூடப்படுவதும் உண்டு. ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்திய 'ஜேசென்டர்' களஞ்சியத்தை நிறுத்தப்போவதாக ஜேஃப்ராக் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. பழைய திட்டங்கள் எல்லாம் முகவரி மாற வேண்டிய கட்டாயம் வந்தது. 'டாக்கர் ஹப்' 2020 நவம்பரில் இருந்து, கணக்கு இல்லாமல் இறக்குவோருக்கு ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 முறை என்று வரம்பு கொண்டுவந்தது. ஒரே இணைப்பை மொத்த ஆய்வகமும் பகிரும் கல்லூரியில், ஒரு வகுப்பு முடிவதற்குள் அந்த வரம்பு தீர்ந்துவிடக்கூடும்.

வேகத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கணினிகள் உள்ள ஓர் ஆய்வகம். ஒவ்வொன்றும் 500 மெகாபைட் சார்பு நிரல்களை இறக்க வேண்டும். மொத்தம் 30 ஜிகாபைட். இணைப்பு 50 எம்பிபிஎஸ் என்றால், முழு வேகம் கிடைத்தாலும் 80 நிமிடம். ஒரு பாடவேளையே முடிந்துவிடும். உள்ளூர்க் களஞ்சியம் இருந்தால் வெளியில் இருந்து வர வேண்டியது 500 மெகாபைட்தான். அதற்கு 80 வினாடி. மிச்சம் எல்லாம் ஆய்வகத்தின் உள் வலையமைப்பிலேயே ஓடிவிடும்.

பாதுகாப்புக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

கூடங்குளம் அணுமின் நிலையம் நினைவிருக்கும். அங்கே நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று உறுதி செய்தது. நிலையத்தின் முக்கிய உள் வலையமைப்பு அதில் இருந்து தனியே பிரிக்கப்பட்டது என்றும், அது பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. வெளி இணையத்தில் இருந்து முழுவதும் துண்டிக்கப்பட்ட இப்படியான வலையமைப்புகள் அணுமின், பாதுகாப்பு, வங்கித் துறைகளில் வழக்கம். அத்தகைய இடங்களுக்குள் மென்பொருள் உருவாக்க வேண்டுமென்றால் ஆஃப்லைன் களஞ்சியத்தைத் தவிர வேறு வழி குறைவு.

சாதாரண நிறுவனங்களுக்கும் ஆபத்து சார்பு நிரல் வழியாகவே வருகிறது. 2025 செப்டம்பர் 8 அன்று, என்பிஎம் தொகுப்புகளைப் பராமரிக்கும் ஒருவரை போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, 'சாக்', 'டீபக்' உள்ளிட்ட புகழ்பெற்ற தொகுப்புகளில் தீநிரல் புகுத்தப்பட்டது. கிரிப்டோ பணப் பரிமாற்றங்களைத் திசைதிருப்புவது அதன் நோக்கம். சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தில் புதிய பதிப்பை இறக்கியவர்கள்தான் ஆபத்துக்கு உள்ளானார்கள்.

வெளியான உடனே எதையும் உள்ளே விடாமல், சில நாள் கழித்துச் சோதித்த பிறகே களஞ்சியத்தில் ஏற்றும் வழக்கம் உள்ள இடத்துக்கு இந்தப் பதிப்பு வந்தே இருக்காது. வாசலில் ஒரு திண்ணை இருப்பதைப் போல. வந்தவரை அங்கே உட்கார வைத்து, யார் என்று விசாரித்துவிட்டு வீட்டுக்குள் விடலாம்.

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற ஜாவா நூலகத்தில் மிகக் கடுமையான ஓட்டை வெளிப்பட்டபோது, உலகம் முழுவதும் நிறுவனங்கள் திணறியது ஒரே கேள்விக்குத்தான்: "நம்மகிட்ட அது எங்கே எங்கே இருக்கு?" எல்லா நிரலும் ஒரே களஞ்சியம் வழியாக வந்திருந்தால், எந்தப் பதிப்பு, எப்போது, எந்தக் கணினிக்குப் போனது என்பதைத் தேட ஓர் இடமாவது இருக்கும்.

சரி, எப்படி அமைக்கிறது?

பெரிய செலவு தேவையில்லை. சிறு குழுவுக்கு, ஓரளவு நினைவகம் உள்ள ஒரு மேசைக் கணினி, 1 டெராபைட் டிஸ்க், ஒரு யுபிஎஸ் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். நெக்ஸஸுக்கு வரம்புகளோடு கூடிய இலவசப் பதிப்பு உண்டு. வேலை இப்படிப் போகும்.

1. பட்டியலைப் பூட்டுவது. 'இந்த நூலகத்தின் புதிய பதிப்பு எதுவானாலும் சரி' என்று எழுதி வைத்தால் இன்று ஒன்று வரும், நாளை வேறொன்று வரும். ஒவ்வொரு சார்புக்கும் துல்லியமான பதிப்பு எண்ணைப் பதிவு செய்யும் 'லாக்' கோப்பை உருவாக்க வேண்டும்.

2. வெறுங்கணினியில் இறக்குவது. பல நாள் வேலை பார்த்த கணினியில் பழைய நிரல்கள் ஏற்கெனவே தேங்கியிருக்கும். அதில் பில்ட் வெற்றி பெற்றால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தேக்கத்தை முழுவதும் அழித்துவிட்டு, இணையத்தோடும் களஞ்சியத்தோடும் இணைத்து, முதலில் இருந்து ஒரு பில்ட் ஓட்ட வேண்டும். அப்போதுதான் தேவையான ஒவ்வொன்றும் களஞ்சியத்தில் வந்து விழும்.

3. முத்திரையைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு கோப்புக்கும் 'எஸ்எச்ஏ-256' போன்ற முறையில் கணக்கிட்ட கைரேகை எண் உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். டிஸ்க்கில் எடுத்துவந்த கோப்பு வழியில் கெட்டதா, யாராவது மாற்றினார்களா என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

4. எல்லாக் கணினிகளையும் திருப்பிவிடுவது. மேவன், என்பிஎம், பிப் என்று ஒவ்வொரு கருவியின் அமைப்புக் கோப்பிலும் 'வெளியே போகாதே, இந்த முகவரியில் கேள்' என்று எழுத வேண்டும். ஒரு கணினியை விட்டாலும் அது பழக்கதோஷத்தில் வெளியேதான் போகும்.

5. கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது. களஞ்சியம் தயார் என்று சொல்ல ஒரே சோதனை இதுதான். வெளி இணைப்பைத் துண்டித்துவிட்டு, புதிய கணினி ஒன்றில் பில்ட் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பிழைச் செய்தியே விடுபட்ட நிரலின் பெயரைச் சொல்லும். அதைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கே சறுக்கும்?

முதல்முறை அமைப்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு.

நிரலுக்கான சார்புகளை இறக்கியவர்கள், பில்ட் கருவிக்கான சார்புகளை மறந்துவிடுவார்கள். மேவன் ஒவ்வொரு படிநிலைக்கும் தனித்தனிச் செருகுநிரல்களை இறக்கும். ஆண்ட்ராய்டு திட்டங்களில் உள்ள 'கிரேடில் ராப்பர்', கிரேடில் கருவியையே இணையத்தில் இருந்து கொண்டுவரும். அரிசியை வாங்கி வைத்துவிட்டு அடுப்பை மறந்த கதைதான்.

சில தொகுப்புகள் நிறுவப்பட்ட பிறகு, தாமே இன்னொரு இடத்துக்குப் போய் வேறு கோப்புகளை இறக்கும். 'பப்பட்டியர்' என்ற கருவி இப்படி ஒரு முழு உலாவியையே இறக்கிக்கொள்ளும். அது என்பிஎம் களஞ்சியத்தில் இருந்து வருவதல்ல என்பதால் உள்ளூர்க் களஞ்சியத்தில் அகப்படாது. தனியே எடுத்து வைக்க வேண்டும்.

பைத்தான் தொகுப்புகள் சில, இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் ஏற்ப வேறுவேறு கோப்புகளாக இருக்கும். விண்டோஸ் கணினியில் இறக்கியதை லினக்ஸ் கணினிக்கு எடுத்துப்போனால் பயன்படாது.

மேவனின் உள்ளூர்க் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுப்பது பலர் செய்யும் குறுக்குவழி. ஒவ்வொரு கோப்பும் எந்தக் களஞ்சியத்தில் இருந்து வந்தது என்ற குறிப்பையும் மேவன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும். புதிய கணினியின் அமைப்பில் அந்தக் களஞ்சியப் பெயர் இல்லை என்றால், கோப்பு கண்முன்னே இருந்தும் 'கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடும்.

இன்னொன்று பெயர்க் குழப்பம். 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒன்றை நிரூபித்துக் காட்டினார். நிறுவனங்கள் உள்ளுக்குள் மட்டும் பயன்படுத்தும் தொகுப்புகளின் பெயரிலேயே பொதுக் களஞ்சியத்தில் அதிகப் பதிப்பு எண்ணோடு ஒன்றைப் போட்டு வைத்தார். ஆப்பிள், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் வெளியில் இருந்த அதை எடுத்து ஓட்டின. களஞ்சியம் வைத்திருப்பவர்கள், சொந்தப் பெயர்களை வெளியே தேடவே கூடாது என்று விதி போட்டுவைக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

பென்டிரைவே கதின்னு இருக்கிறவங்களுக்கு?

நிரந்தர இணைப்பே இல்லாத கணினிக்கும் வழி உண்டு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் பயன்படுத்துவோருக்காக இந்தியாவைச் சேர்ந்த டெபியன் நிரலாளர் ரித்தேஷ் ராஜ் சராஃப் உருவாக்கியது 'ஏப்ட்-ஆஃப்லைன்'. இணையம் இல்லாத கணினியில் அதை இயக்கினால், என்னென்ன தேவை என்று ஒரு சிறு சீட்டுக் கோப்பை எழுதித் தரும். அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு இணையம் உள்ள எந்தக் கணினிக்கும் போகலாம். அங்கே அந்தச் சீட்டைக் காட்டினால் தேவையானவை மட்டும் இறங்கும். திரும்பிவந்து ஏற்றினால் வேலை முடிந்தது. மளிகைச் சீட்டு எழுதிக் கடைக்கு ஆள் அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு.

பைத்தானிலும் இதே முறை சாத்தியம். ஓரிடத்தில் 'பிப் டவுன்லோடு' கட்டளையால் கோப்புகளை ஒரு கோப்புறையில் சேகரித்து, மறு இடத்தில் 'வெளியே தேடாதே, இந்தக் கோப்புறையில் பார்' என்று சொல்லி நிறுவலாம்.

ஒருமுறை அமைச்சா போதுமா?

போதாது. கவனிக்காத களஞ்சியம் வண்டு விழுந்த நெல்லைப் போல. உள்ளே இருக்கும் நூலகங்களில் ஓட்டைகள் பின்னாளில் கண்டுபிடிக்கப்படும். திருத்திய பதிப்பு வெளியே வந்திருக்கும், உள்ளே பழையதே ஓடிக்கொண்டிருக்கும். இணையம் இல்லாததே பாதுகாப்பு என்று நினைப்பது இங்கேதான் ஏமாற்றும். மாதம் ஒருமுறை புதுப்பிக்கவும், அவசரத் திருத்தம் வந்தால் உடனே ஏற்றவும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே கணினியை நம்பியிருப்பதால், அது கெட்டால் மொத்த வேலையும் நிற்கும். எனவே இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகல் கட்டாயம். அந்த நகலில் இருந்து உண்மையிலேயே மீட்டெடுக்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் பல ஊர்கள் தொலைத்தொடர்பே இல்லாமல் தவித்தன. அடுத்த மழையோ அடுத்த உத்தரவோ எப்போது என்று யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய வேலை, திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு என்று கையில் இருப்பவர்களுக்கு அந்த நாட்கள் வெறும் விடுமுறை அல்ல. சென்னையிலோ பெங்களூருவிலோ ஓர் இணைப்பு போனால் இன்னொன்று இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர்களில் பல நேரம் அந்த வசதி இல்லை. அதை ஈடுகட்ட ஒரு கணினியும், மாதம் ஒரு பிற்பகல் உழைப்பும் போதும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.